வயிறு சரியில்லாத ஒரு வாரம்

ஜூலை 31, வியாழன்

பொள்ளாச்சியிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம். முன் இருக்கைக்காரர் வழி நெடுக வெற்றிலை மென்று ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே வந்தார். துப்பினால் காற்று அதைப் பின்னால்தான் கொண்டுவரும் என்பது அவருக்கும் தெரியும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெந்துகொண்டே வந்தேன்.

இந்தச் சுற்றுலா என் யோசனை இல்லை. மகள் தாரிணியின் ஏற்பாடு. கோயம்புத்தூரில் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்து அவள் அம்மாவின் அடுப்படியில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறேனாம். ஆடிப்பெருக்குக்குக் காவிரியைப் பார்த்தால் மனசு இளகுமாம். என் மனைவி ருக்குமணியும் சேர்ந்துகொண்டாள். சரி, ஆடி மாதம், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு எந்தத் தரகனும் வரமாட்டான், நாலு நாள் மூன்று பேருமாகப் போய் வரலாம் என்று தலையாட்டிவிட்டேன்.

லாட்ஜ் அறை. தலையணை உறையில் யாரோ ஒருவருடைய தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருக்கிறது. குளியலறை வாளிக்குள் பாசி. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. முப்பத்து மூன்று வருடம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். பணியில் இருந்திருந்தால் இந்நேரம் நோட்டீஸ் கொடுத்திருப்பேன். இப்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை விரித்து, அதன் ஓரத்தைத் தாண்டாமல் படுத்திருக்கிறேன்.

"ஏனுங்க, ஊர் பாக்க வந்தமா, ரூம் பாக்க வந்தமா" என்கிறாள் ருக்குமணி. அவள் அந்தத் தலையணையில்தான் தலை வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. மலைக்கோட்டை ஏறினோம். படிக்குப் படி எண்ணெய்ப் பிசுக்கு, நசுங்கிய வாழைப்பழம், மூலைகளில் சிவப்புத் துப்பல். கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறியதில் முட்டி வலிக்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் ஊரும் ஆறும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் நன்றாகத்தான் தெரிகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லா ஊரும் சுத்தமாகத்தான் இருக்கும்.

கீழே இறங்கினால் தாரிணிக்குத் தெரிந்த பையன் ஒருவன் நிற்கிறான். பெயர் இளம்பரிதி. அவளோடு அதே பரிசோதனைக் கூடத்தில் வேலையாம், சொந்த ஊர் திருச்சியாம், பண்டிகைக்கு வந்திருக்கிறானாம், ஊர் சுற்றிக் காட்டுகிறானாம். இப்படித் திடீரென்று முளைக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகி நடந்தேன்.

மதியம் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவன் இடக்கையால் முதுகைச் சொறிந்துகொண்டு வலக்கையால் அப்பளம் வைத்தான். நான் அப்பளத்தைத் தொடவில்லை. எதிரே இளம்பரிதியும் தொடவில்லை. அதைக் கவனித்தேன். சாப்பிடும் முன் அவன் கை கழுவியதையும் கவனித்தேன். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று முறையாகக் கழுவினான். கழுவிய கையால் குழாயைத் தொடாமல் முழங்கையால் மூடினான்.

"யாரப்பா சொல்லிக் குடுத்தா இப்படிக் கழுவ?"

"எங்கப்பா சார். வேலைலேருந்து வந்தா எங்களத் தொடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கழுவுவாரு. பாத்துப் பாத்து வந்த பழக்கம்."

ஒழுங்கான வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் முக்கொம்பு. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் பழுப்பு நிறத்தில் பொங்கி வருகிறது. ஜனங்கள் அதைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். கும்பிட்டுவிட்டு, தின்ற சோளக் கதிரை அதே தண்ணீரில் எறிகிறார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இளம்பரிதி எனக்கென்று தனியாக ஓர் இடம் தேடி, பெஞ்சைத் துடைத்து, காகிதம் விரித்து உட்கார வைத்தான். ருக்குமணிக்குக் கால் வலி என்றதும் நிழலாகப் பார்த்து ஆட்டோவை நிறுத்தினான். இந்த ஊரில் நான் முகம் சுளிக்காமல் பார்க்கக்கூடிய ஒரே பொருள் இந்தப் பையன்தான். அப்படித் தாரிணியிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல் "நிசமாத்தானப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எதற்கு இரண்டு தடவை என்று தெரியவில்லை.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அவனிடம் கேட்டேன்.

"உங்க டிபார்ட்மென்ட்தான் சார். ரிட்டயர் ஆயிட்டாரு. சார், அவரு வந்து..."

நம் துறை என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் காலரா வந்த வருடம் நான் மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் கிணறு கிணறாகக் குளோரின் போட்ட கதையை ஆரம்பித்தேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவன் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ருக்குமணி அவனைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்பது போல இருந்தது. நான் கதையில் இருந்தேன்.

நாளைக்கு ஆற்றங்கரையில் அவன் வீட்டாரோடு சேர்ந்து சித்திரான்னம் சாப்பிடுவதாக ஏற்பாடு. வெளியார் சமைத்ததை நான் சாப்பிடுவதில்லை. இவன் வீடென்பதால் சரி என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நிதானமாக எழுத வேண்டும்.

காலை எட்டு மணிக்குப் படித்துறை. கால் வைக்க இடமில்லை. பெண்கள் இலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, காப்பரிசி, விளக்கு எல்லாம் வைத்து ஆற்றுக்குப் படைத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பெண்கள் கல்யாண மாலையைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டார்கள். அதெல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீரைப் பார்த்தேன். ஷாம்பு உறைகள், அழுகிய மாலை, யாரோ அவிழ்த்து எறிந்த வேட்டி, ஒரு குழந்தையின் ஜட்டி. மேல்படியில் ஒருவர் பல் விளக்கித் துப்புகிறார், கீழ்ப்படியில் ஒருவர் அதையே கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறார். என் கால் விரல்கூட இந்தத் தண்ணீரில் படாது என்று ருக்குமணியிடம் சொல்லிவிட்டு மேலேயே நின்றேன்.

இளம்பரிதியின் வீட்டார் வந்தார்கள். அம்மா பூங்காவனம், அப்பா வீரமுத்து, சித்தி குடும்பம், அக்கம்பக்கத்தார் என்று எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். பெரிய பெரிய எவர்சில்வர் தூக்குகள். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை. நான் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொரு தூக்குக்கும் தனிக் கரண்டி. பூங்காவனம் தலைமுடியைத் துணியால் கட்டியிருந்தார். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. வாழையிலையை இரண்டு பக்கமும் துடைத்த பிறகே போட்டார். என் பணிக்காலத்தில் எந்த ஓட்டலிலும் இப்படி ஒரு பரிமாறலைப் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது.

புளியோதரை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று தடவை என்பதை எழுதத்தான் வேண்டும்.

சாப்பாட்டுக்கு நடுவில் பூங்காவனம் ருக்குமணிக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். பிறகு ருக்குமணி தாரிணியை இழுத்து அவர் முன்னால் உட்கார வைத்தாள். அவள் மணிக்கட்டிலும் கட்டினார். கட்டும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. கயிறு கட்ட எதற்குக் கண் கலங்க வேண்டும் என்று நினைத்தேன்.

வீரமுத்து மட்டும் பாயில் உட்காராமல் ஓரமாகப் படியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேச்சுக்கு இழுத்தேன்.

"நீங்களும் நம்ம டிபார்ட்மென்ட்னு தம்பி சொன்னாப்ல. ஆபீஸ்ல இருந்தீங்ளா?"

மனிதர் உடனே எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

"இல்லிங்கய்யா. மொதல்ல தள்ளுவண்டி. அப்பறம் சாக்கட அடப்பு எடுக்குற கேங்கு. முப்பத்தோரு வருசம். எறங்கி எடுக்குற வேலதான்யா. ஐயா சானிட்டரி எஸ்.ஐ-யா இருந்தீங்கன்னு பையன் சொன்னான்."

காலை வருகைப் பதிவுக்கு என் ஆட்கள் என் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படியே நின்றார். அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து வருவார்கள், யார் வருவார்கள் என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கீழே நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள்.

என் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் புளியோதரை எண்ணெய். வாயில் இன்னும் ஒரு கவளம் இருந்தது.

எழுந்து போனேன். பின்னாலேயே இளம்பரிதி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "வாய் கொப்பளிக்கத் தண்ணி சார், வீட்லேருந்து காய்ச்சிக் கொண்டாந்தது" என்றான். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு ஒன்பது படி இறங்கினேன். ஆற்று நீரை இரண்டு கையாலும் அள்ளி வாய் கொப்பளித்தேன். ஒரு தடவை அல்ல. சாப்பிட்ட பின் வாய் கொப்பளிப்பது சுகாதாரமான பழக்கம். கொஞ்சம் வாந்தியும் வந்தது.

திரும்பிப் பார்த்தால் அவன் அதே இடத்தில் நிற்கிறான். சொம்பிலிருந்த தண்ணீரைப் படியில் மெதுவாகச் சாய்த்துக் கொட்டினான். அவனுக்குப் பின்னால் மேல்படியில் அவன் அம்மா நின்றார்.

மேலே வந்து, வயிறு சரியில்லை என்றேன்.

வீரமுத்து சிரித்தார். "எஸ்.ஐ ஐயாமாருக்கெல்லாம் எங்கள்ட்ட வந்தா வயிறு சரியில்லாமத்தான்யா போவுது. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒருத்தர் வந்தாரு. மொய் வெச்சாரு, வயிறு சரியில்லன்னு கெளம்பிட்டாரு. நல்ல மனுசன்."

குத்தலாகச் சொல்லவில்லை. வழக்கமாக நடப்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார். நானும் என் ஆட்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். பதினைந்து இருபது இருக்கும். ஒரு கல்யாணத்தைக் கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பதினைந்து இருபது நாளும் எனக்கு வயிறு சரியில்லாமல்தான் இருந்தது.

அறைக்கு வந்ததும் ருக்குமணி சொல்லிவிட்டாள். தாரிணியும் அந்தப் பையனும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். இவளுக்கு அது ஒரு வருடமாகத் தெரியும்.

"ஆடி மாசத்துல எவனாச்சும் கல்யாணப் பேச்சு எடுப்பானா?" என்றேன்.

"அதனாலதானுங்க இந்த மாசம் வந்தோம். நீங்க சந்தேகப்பட மாட்டீங்கன்னு உங்க புள்ளைக்குத் தெரியுமுங்க. பையனை மொதல்ல பாக்கட்டும், புடிச்சதுக்கப்பறம் சொல்லலாம்னா. உங்களுக்குப் புடிச்சுதுங்களா, இல்லீங்களா?"



ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத முடியவில்லை. பதினோரு தடவை போய்விட்டது. அந்தப் புளியோதரைதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பக்கத்து மருத்துவமனையில் நேற்று இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இன்றைக்குக் கிளம்ப வேண்டியது, தள்ளிப்போய்விட்டது.

இன்று காலை நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மதியம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாரிணி மருந்து வாங்கப் போயிருந்தாள். குளியலறைக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குத் தாங்கவில்லை. கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையெல்லாம் ஆகிவிட்டது. குளியலறைக்குள் வாந்தி வேறு. ருக்குமணி என்னைத் துடைத்து வேட்டி மாற்றிப் படுக்க வைத்தாள். அவளுக்குக் குனிந்து தரை துடைக்க முடியாது, முழங்காலில் அறுவை செய்தவள். லாட்ஜ்காரனைக் கூப்பிட்டாள். அவன் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, கூட்டுகிறவர் நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனான். அறை முழுக்க என் நாற்றம். நானே என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாமல் கிடந்தேன்.

அப்போது வீரமுத்தும் பூங்காவனமும் என்னைப் பார்க்க வந்தார்கள். பையில் சாத்துக்குடி.

வீரமுத்து வாசலில் ஒரு நிமிடம் நின்றார். சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கீழே போய் பினாயிலும் துடைப்பமும் வாளியும் வாங்கிவந்தார். ருக்குமணி "ஐயோ அண்ணா, நீங்க போயி... வேண்டாமுங்க" என்று அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கப் பார்த்தாள். "ஒங்களால முடியாதும்மா, தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் குந்தி உட்கார்ந்து ஆரம்பித்தார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். அவர் செய்வது எனக்கு இயல்பாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நன்றாகச் செய்கிறார் என்றுகூட நினைத்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது இது.

"கதவு மூலைல விட்டுப்போச்சு பாரு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேயி."

பாரு, தேயி. அப்படித்தான் வந்தது.

"ஆவட்டுங்கய்யா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

வாசலில் தாரிணி மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் பூங்காவனம் கணவனின் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். இருவருமே கேட்டுவிட்டார்கள்.

தாரிணி பையைக் கீழே வைத்தாள். வீரமுத்துவின் எதிரே குந்தி உட்கார்ந்து, இன்னொரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "நீ எந்திரிம்மா, நீ எதுக்கு" என்றார் அவர். அவள் எழவில்லை. இருவரும் சேர்ந்து முடித்தார்கள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கஞ்சி நிற்கிறது. உட்கார முடிகிறது.

தாரிணி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. அதிகாரி ஒருவர் விசாரணைக்கு உட்கார்ந்தது போல இருந்தது. என்னிடமிருந்து படித்ததுதான்.

"வயிறு எதனால கெட்டுது?" என்றாள்.

"சாப்பாடு ஒத்துக்கல."

"பதினாலு பேர் அதே சாதத்தைச் சாப்பிட்டோமுங்கப்பா. பதிமூணு பேர் நல்லா இருக்கறோம்."

"எனக்கு வயசாச்சு. வேணும்னா மிச்சச் சாதத்தை உங்க லேப்ல குடுத்துப் பாரு. ரிப்போர்ட் வரட்டும்."

"பாக்கறனுங்க. ரெண்டு சாம்பிள் எடுத்துட்டுப் போறேன். ஒண்ணு சாதம். இன்னொண்ணு நீங்க ஒம்பது படி எறங்கிக் கொப்பளிச்ச தண்ணி."

இளம்பரிதிதான் சொல்லிவிட்டானா என்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நான் இறங்கியபோது அவளும் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். என் மகள் எண்ணியிருக்கிறாள், ஒன்பது படி என்று.

ரிப்போர்ட் வேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு ஊரே அழுக்குங்கப்பா. சின்ன வயசுல இருந்து பாக்கறேன். எனக்கு அது பெருமையா இருந்துச்சு. எங்கப்பா சுத்தம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அத நம்பித்தான் இந்தப் படிப்பே படிச்சேன். ஆனா அன்னிக்கு அங்க இருந்ததுலயே சுத்தமானது அந்தச் சாதம். அழுக்கானது அந்தத் தண்ணி. அதத் தின்ன வாய நீங்க இதால கழுவுனீங்க. அவரு கையால சோறு ஆகாது. ரெண்டு நாள் கழிச்சு அவரு கையால பீ அள்ளறது மட்டும் ஆச்சு. மூலைல விட்டுப்போச்சுன்னு வேற சொல்றீங்க."

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கொசு நசுக்கிய கறை.

"ஆவணி மாசம் பதிவு பண்ணிக்கறோம். அன்னிக்கு மத்தியானம் சின்னதா ஒரு பந்தி. அவங்க வீட்டுல சமையல். நீங்க தடுக்க முடியாது, உங்களுக்கே தெரியும். கூப்பிடறதா வேண்டாமான்னுதான் நேத்திலிருந்து யோசிச்சேன். ஒக்காந்து சாப்பிட முடியும்னா வாங்க. வந்து நின்னு கும்பிட்டுட்டு, வயிறு சரியில்லைன்னு போறதா இருந்தா வராதீங்கப்பா. எனக்கு அப்பா வரலைன்னே இருக்கட்டும்."

ஒரே மகள். பிறந்தபோது என் கை இரண்டையும் டெட்டாலில் கழுவிவிட்டுத்தான் வாங்கினேன்.

எழுதுவதற்கு இன்னொன்று இருக்கிறது. மூன்றாம் தேதி "வாந்தியும் வந்தது" என்று எழுதியிருக்கிறேன். வரவில்லை. விரலை விட்டு வரவழைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் மூன்று மணிக்குப் பேருந்து. காலையில் மாத்திரை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து இளம்பரிதியின் வீட்டுக்குப் போனேன். முகவரியை என் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் தாரிணி எழுதி வைத்திருந்தாள். அவனும் அவளும் பேருந்துக்கு முன்பதிவு மாற்றப் போயிருந்த நேரம். நான் அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பினேன்.

சந்துக்குள் இரண்டு அறை வீடு. வாசல் கழுவிக் கோலம் போட்டிருந்தது. வீரமுத்து "வாங்கய்யா" என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. உட்காரச் சொன்னேன். சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

அங்கிருந்தே சமையலறை தெரிந்தது. மேடையில் ஒரு துளி ஈரம் இல்லை. பாத்திரங்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. குடிதண்ணீர்ப் பானைக்கு வெள்ளைத் துணி கட்டி, மேலே தட்டு வைத்து மூடியிருந்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம், கண் தானாகத் தேடியது. எழுத ஒரு குறையும் இல்லை. அடுப்பில் ஏதோ குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கஞ்சி குடித்த வயிறு, அந்த வாசனைக்கு நிஜமாகவே பசித்தது.

நேற்று முன்தினம் செய்த உதவிக்கு நன்றி என்றேன். "அது கெடக்குதுய்யா, ஒடம்பு எப்படி இருக்கு" என்றார் வீரமுத்து. மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பழக்கம்தானேய்யா" என்றார். யாருடைய பழக்கம் என்று சொல்லவில்லை.

பிறகு நான் வந்த காரியத்தைச் செய்தேன். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று பூங்காவனத்திடம் கேட்டேன்.

அவர் அசையவில்லை. கணவனைப் பார்த்தார். வீரமுத்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடத்தில் கடையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். துண்டால் துடைத்தார். என் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் வைத்தார்.

"சீல் ஒடைக்கலிங்கய்யா" என்றார்.

"இது வேண்டாமுங்க. அந்தப் பானைத் தண்ணி போதும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பெரிய தயவு செய்கிறவன் குரல் போல இருந்தது.

பூங்காவனம் அப்போதுதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை.

"இருக்கட்டுங்க. எங்க வீட்டுத் தண்ணிய எம்புள்ள படியில கொட்டுனத ஒரு தடவ பாத்துட்டேன். அன்னிக்கு மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டீங்க, எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா. அதுக்கப்பறம் பாத்தேன்."

என் பார்வை பானைமேல் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குப் போனது.

"இங்க வர்றதுன்னு வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"அப்ப இது எதுக்குங்க? யாரும் பாக்காதப்ப வந்து ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போனா அது எங்களுக்கு ஆவாதுங்க. ஆவணியில பந்தி இருக்கு. உங்க சொந்தக்காரங்க நாலு பேர் பாக்க ஒக்காந்து சாப்புடுங்க. நானே பரிமாறுறேன். அதுவரைக்கும் பானையத் தொறக்க எனக்கு மனசு வரல."

பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகப் பார்த்தேன், விரலில் பலமில்லை. வீரமுத்து எழுந்துவந்து, "குடுங்கய்யா" என்று வாங்கித் திறந்து, இந்த முறை கையிலேயே கொடுத்தார். அவர் விரல் என் விரலில் பட்டது. குடித்தேன். பாதி குடித்துவிட்டுக் கும்பிட்டு வந்துவிட்டேன்.

இப்போது பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெஞ்சைத் துடைக்கவில்லை, அதற்குத் தெம்பில்லை. எதிர் பெஞ்சில் ருக்குமணியும் தாரிணியும் உட்கார்ந்திருக்கிறார்கள். சற்றுமுன் ருக்குமணி கேட்டாள், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று. தாரிணியும் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேர்தான். ஊர் இல்லை, உறவு இல்லை, என் வீட்டு மனிதர்கள் இரண்டே பேர்.

மாத்திரை வாங்க என்று சொன்னேன்.

இந்த ஊரில் கண்ட எதற்கும் எனக்கு இப்படிக் குமட்டவில்லை.